அழைக்கக் கூடாத விருந்து

செர்பியாவில் ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. குடும்பத்தின் புனிதருக்கான நாள் அது. வர வேண்டியவர்கள் தாமாக வருவார்கள். ஒருமுறை வந்தவர் ஆண்டுதோறும் வருவார். க்வோஸ்தென் வீட்டுக்குப் புனித ஜார்ஜ், நவம்பர் பதினாறு. இந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஆலையில் பேச்சுவார்த்தை.

கார் ஆலையை ஆஸ்திரியர்கள் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள், கழிவறைகளுக்குக் கதவு போட்டார்கள். அதுவரை யாருக்கும் புகார் இல்லை. பிறகு சாப்பாட்டு இடைவேளையை முப்பது நிமிடத்திலிருந்து இருபதாகக் குறைக்க வேண்டும் என்றார்கள். க்வோஸ்தென் பதினொரு ஆண்டுகளாகச் சங்கச் செயலாளர், வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்காத காரணத்தால். மூன்று முறை மேலாளர் அறைக்குப் போய்ப் பேசினார். மூன்றாம் முறை அங்கே காபி குடித்தார். அதுதான் வினை. ஆளை வாங்கிவிட்டார்கள் என்று பெயின்ட் பிரிவில் பேச்சு கிளம்பியது. ஒரு காபிக்கா தன்னை விலை பேசினார்கள் என்பதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு சாப்பாடாவது சொல்லியிருக்கலாம்.

நம்பிக்கை மிச்சமிருந்தால் ஆலை ஆட்கள் இன்று வருவார்கள். வரவில்லையென்றால் கேட்கவும் முடியாது. அழைத்தால்தானே கேட்பதற்கு?

ஒரு மணிக்கு முதல் ஆள் வந்தார். பணியாளர் மேலாளர் ஹூபர், கையில் ஒயின் பாட்டிலோடு.

“அழைப்பு தேவையில்லை என்று கேள்விப்பட்டேன். ஆகவே வந்துவிட்டேன்,” என்றார், புத்தகத்தில் கற்ற செர்பிய மொழியில்.

வந்தவரை வாசலில் நிறுத்தி வைக்க முடியுமா? மனைவி விதோசவா, சர்க்கரை சேர்த்து வேகவைத்த கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள். ஆளுக்கு ஒரு கரண்டிதான் எடுக்க வேண்டும். ஹூபர் கிண்ணத்தையே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். இருபது பேருக்கான கோதுமையை ஒற்றை ஆளாக, மரியாதை காரணமாக, கஷ்டப்பட்டுத் தின்று முடித்தார். விருந்தாளியைத் திருத்தக் கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்து பெயின்ட் பிரிவு மிலெந்தியே வந்தான். வதந்தியைக் கிளப்பியதே அவன்தான்.

“தலைவரே, வாசல்ல ஆபீஸ் கார் நிக்குது. பெரிய ஆளாயிட்டீங்க போல.”

“உள்ள வாடா.”

“உங்களுக்காக வரல. இருபத்தோரு வருஷமா புனித ஜார்ஜுக்காக வர்றேன். அவர யாரும் இன்னும் வாங்கல.”

வேறு யாரும் வரவில்லை. ஆனால் சன்னல் வழியே எதிர்ச்சாரியில் பெயின்ட் பிரிவு ஆட்கள் ஆறு பேர் தெரிந்தார்கள். வழக்கம்போலப் புறப்பட்டு வந்தவர்கள், ஆபீஸ் காரைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டார்கள். தங்கள் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரமாகப் பழுது தேடினார்கள். கார் செய்தே பிழைக்கிற ஆறு பேர்.

க்வோஸ்தென் நின்றபடியே பரிமாறினார். ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. ஹூபருக்கு அது தெரியாது.

“தயவுசெய்து அமருங்கள்.”

“இருக்கட்டும், இருக்கட்டும்.”

நான்கு முறை சொல்லிப் பார்த்த ஹூபர் எழுந்தே விட்டார்.

“மேலாளரே நிக்கிறாரு. நான் மட்டும் உக்காந்திருந்தா சம்பளத்துல பிடிப்பாங்க,” என்று மிலெந்தியேயும் எழுந்தான்.

ஹூபர் க்வோஸ்தெனின் இரண்டு தோளையும் பிடித்து, நாற்காலியை நோக்கி அன்பாக அழுத்தினார். க்வோஸ்தென் திமிறினார்.

சாலைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் அதில் அன்பு தெரியவில்லை.

கதவு படாரென்று திறந்தது. ஆறு பேரும் உள்ளே. முன்னால் வந்தவன் கையில் ஸ்பேனர்.

“யோவ், எங்க செயலாளர் மேல இருந்து கைய எடுய்யா!”

ஹூபர் கையை எடுத்தார். க்வோஸ்தெனுக்கு ஒரே ஒரு சொல்தான் கேட்டது. ‘எங்க’ என்றானே.

“அந்த இரும்பை வெளிய வச்சுட்டு வாங்க,” என்றாள் விதோசவா. “நல்ல நாளும் அதுவுமா.”

எல்லாம் விளங்கிய பிறகு ஆறு பேருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மிலெந்தியேதான் கேட்டான்.

“சரி தலைவரே. நாங்களும் இருக்கோம், அவரும் இருக்காரு. நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?”

“முப்பது நிமிஷம். ஒண்ணு கூடக் கொறையாது. மூணு தடவையும் இவர்கிட்ட இதத்தான் சொன்னேன்.”

எல்லாரும் ஹூபரைப் பார்த்தார்கள்.

“உண்மை,” என்றார் அவர். “மூன்று முறையும். மிகவும் சலிப்பாக இருந்தது. என் பதில் இருபது. அதுவும் மாறாது.”

மிலெந்தியே முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய இறைச்சித் தட்டை ஹூபர் பக்கம் தள்ளினான்.

“அப்ப நாளைக்குச் சண்டை போடுவோம். இப்ப சாப்பிடுங்க சார். நாளைக்குத் தெம்பு வேணும்ல.”

ஆறு பேரும் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஸ்பேனர்க்காரன் ரொட்டி கேட்டான். க்வோஸ்தென் ஓடினார், எடுத்து வந்தார், மறுபடி ஓடினார். மாலைக்குள் கால் இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. உட்காரவே இல்லை.