தலைவரின் செருமல்

ஹலோக்காரர் மனைவியின் கைபேசியில் இருமல் மருந்து விளம்பரம் வந்து நின்ற காலையில் அந்த வீட்டில் ஒருவருக்கும் இருமல் இல்லை. சளி இல்லை, தும்மல் இல்லை, தொண்டை கரகரக்கிறது என்று சொல்லிக்கொள்ளக்கூட ஆளில்லை. தேன் நிறத்தில் ஒரு புட்டி. பக்கத்தில் மைக் முன்னால் கையை உயர்த்தி நிற்கும் ஒரு மனிதரின் நிழல். அதற்குக் கீழே, ‘மேடையில் பேசுவோரின் தொண்டைக்கு’ என்று கொட்டை எழுத்து.

“வாளி என்ன விலைன்னு பாக்கலாம்னு தொறந்தேன், இது வந்து நிக்குது” என்று அவள் கைபேசியைக் கணவரின் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் பாதிக் கன்னத்தை மழித்து முடித்திருந்தார். மீதிக் கன்னத்தில் இருந்த நுரை, அவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் காய்ந்து, வெடித்து, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. உள்ளே போய் மகளின் கைபேசியைப் பார்த்தார். அதே புட்டி. தன்னுடையதை எடுத்தார். ஒலிபெருக்கியும் வயரும் தவிர வேறு எதையும் அவருக்கு விற்க முயன்றிராத அந்தக் கைபேசியிலும் அதே புட்டி, அதே நிழல்.

அவர் கட்டில் நுனியில் உட்கார்ந்தார். அவர் பயந்த பயத்தில் சுவரில் இருந்த பல்லிகூட வாலை ஆட்டாமல் நின்றது.

அவர் தொழில் மைக்செட். யார் கூட்டம் போட்டாலும் கம்பத்தில் ஏறுவது அவருடைய ஒலிபெருக்கி. மேடையேறி விரலால் மைக்கைத் தட்டி ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லியே தலை நரைத்துவிட்டதால் ஹலோக்காரர் என்பதே பெயராகி, பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு நின்றுபோனது. ஆளுங்கட்சிக்கும் அவர்தான், எதிர்க்கட்சிக்கும் அவர்தான். காலையில் ஒருவர் திட்டித் தீர்த்த மைக்கைத் துடைத்து, மாலையில் திட்டு வாங்கியவரின் கையில் கொடுப்பார். எச்சில் மட்டும்தான் மாறும்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு முதலீடு, வாயைத் திறக்காமல் இருப்பது. வீதியில் ஹலோக்காரருக்குக் கருத்து என்று ஒன்று கிடையாது. சாலைப் பள்ளத்தில் வண்டியோடு விழுந்து எழுந்தாலும், முட்டியைத் தடவிக்கொண்டு “பள்ளம்னா இப்படித்தான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போவார். ஆனால் மனிதன் எத்தனை நாள் விழுங்குவான்? வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி வாசல் கதவைச் சாத்தினாரோ இல்லையோ, காலையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் அணை உடைந்த மாதிரி வரும். அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள், சோப்புத் தூளின் அளவைக் குறைத்துப் பெட்டியைப் பெரிதாக்கிய கம்பெனிக்காரன் வருவான், ஆறு மாதத்தில் புகைந்த மிக்சி வரும். எல்லோருக்கும் அந்தக் கூடத்தில் தண்டனை உண்டு. மனைவியும் மகளும் துணி மடித்துக்கொண்டே கேட்பார்கள். உலகத்திலேயே அவர் பேச முடிந்த ஒரே இடம் அது.

அந்தக் கூடத்துக்குத்தான் பாப்பா வந்தது. துணி துவைக்கும் மெஷின் வாங்கியபோது இலவசமாகக் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்பு உருண்டை. கேட்டால் பாடும். மாத்திரை நேரம் சொல்லும். மழை வருமா என்றால் வரும் என்றோ வராது என்றோ ஒன்றைச் சொல்லும். அந்த அளவில் அது அரசியல்வாதிகளைவிட யோக்கியம் என்று ஹலோக்காரரே சான்றிதழ் கொடுத்திருந்தார். பாப்பா என்று பெயர் வைத்தது மனைவி.

வினை பிறந்தது போன வாரம் ஒரு சாயங்காலம். ஆளுங்கட்சித் தலைவரின் கூட்டம் முடிந்து ஹலோக்காரர் நல்ல உற்சாகத்தில் வந்திருந்தார். தலைவருக்கு ஒரு வழக்கம் உண்டு, அதைக் கண்டுபிடித்தது ஹலோக்காரரின் காது. வாக்குறுதி எதுவானாலும் அதற்கு முன்னால் தொண்டையை ஒரு செருமு செருமுவார். உண்மை சொல்லும்போது செருமுவாரா என்பது தெரியாது, அதற்கு இன்னும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. அந்தச் செருமலை ஹலோக்காரர் அச்சு அசலாகச் செய்வார். அன்றைக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார்.

“பாப்பா, என்னைத் தலைவரேன்னு கூப்பிடு.”

“சரி, தலைவரே” என்றது பாப்பா.

மகளுக்குச் சிரிப்பில் மடித்த துணி அவிழ்ந்தது. ஹலோக்காரர் செருமினார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

“வர்ற புதன்கிழமை காலையில பதினோரு மணிக்கு எனக்கு ஞாபகப்படுத்து. போன தேர்தல்ல சொன்ன பாலத்த இந்தத் தேர்தல்லயும் சொல்லணும். ஜனங்க மறந்தாலும் நான் மறந்துடக் கூடாது.”

“சரி, தலைவரே. புதன்கிழமை நினைவூட்டுகிறேன்.”

மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்ததோடு மறந்தும் போனார்கள். அதற்குப் பிறகுதான் புட்டி வந்தது.

“அப்பா, அது வெறும் விளம்பரம்” என்றாள் மகள். “நீங்க செருமுனது அதுக்குக் கேட்டிருக்கு. இருமல்னு நெனச்சு மருந்து விக்கப் பாக்குது. அவ்ளோதான்.”

“எனக்கு மருந்த விக்கிறான், சரி. எங்கிட்ட கேட்டத எவனுக்கு விப்பான்?”

மகளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது, இன்னும் கைக்கு வராத வேலை. குடிநீர் வாரியத்தில் கணக்குப் பிரிவு. வயது வரம்பின் கடைசி வருடத்தில், கடைசி வாய்ப்பில் தேர்வாகியிருந்தாள். அவளுக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சடங்கு: விசாரணை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து, குடும்பம் எப்படிப்பட்டது, அரசாங்கத்தைப் பற்றி என்ன பேசுகிறது என்று பார்த்துவிட்டுப் போவார். வயர் கடைக்காரரின் மகனுக்கு இப்படித்தான் வந்து பார்த்தார்கள். அவன் இப்போதும் வயர் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான். என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஹலோக்காரர் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்: வீட்டுக்குள் பேசிய பேச்சு.

மைக் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும், கண்ணால் பார்த்தவர். ஒருமுறை மேடையில் ஒரு கட்சிச் செயலாளர், பேச்சை முடித்து மைக்கின் சுவிட்சைத் தன் கையாலேயே அணைத்துவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரின் காதில் தன் தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். சுவிட்ச் தேய்ந்த சுவிட்ச். மைதானம் முழுக்கக் கேட்டது, தலைவருக்கும் கேட்டது. இருட்டுவதற்குள் சுவர்களில் அவர் முகத்தைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். சில நாள் கழித்து வயர் சுருளோடு அந்த வழியாகப் போன ஹலோக்காரர், அந்த மனிதர் தன் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்தார். போகிற வருகிற ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பச் சொல்ல ஆளில்லை. ஹலோக்காரரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சுவிட்ச் மேல் நம்பிக்கை கிடையாது. தூரத்தையும் சுவரையும் மட்டும் நம்புவார்.

ஆகவே அந்த வீடு திருந்தியது. திருந்தியதென்றால் சாதாரணமாக இல்லை. குழாயில் தண்ணீர் வராத அன்று, ஹலோக்காரர் பாப்பாவின் பக்கம் திரும்பி, “தண்ணியச் சிக்கனம் பண்ணச் சொல்லிக்குடுக்குற அரசாங்கம் எங்க கெடைக்கும்” என்றார். கரண்ட் போனபோது மனைவி இருட்டில் உட்கார்ந்து, “கண்ணுக்கு எவ்ளோ ஓய்வு” என்றாள். துணி மெஷின் குலுங்கிக் குலுங்கிச் சுவர் வரை நடந்து போனதற்குக்கூட, “தானா நடக்குது பாருங்க, தொழில்நுட்பம்” என்று பாராட்டு கிடைத்தது. கம்பெனிக்காரனுக்கும் காது இருக்கலாம் அல்லவா?

“அப்பா, ரொம்பப் புகழாதீங்க” என்று மகள் குளியலறைக்குள் இழுத்துப்போய், குழாயைத் திறந்துவிட்டுக் காதில் சொன்னாள். “கிண்டல் பண்றோம்னு எழுதிக்கப் போறாங்க.”

அது அவருக்கு உறைத்தது. அதற்கப்புறம் பேச்சே நின்றது. சாப்பாட்டுத் தட்டில் உப்பு இல்லையென்றால் கையால் காட்டினார்கள். கூடத்தில் மடிக்க வேண்டிய துணி மலையாகக் கிடந்தது; பேச்சு இல்லாமல் யாருக்கும் மடிக்கக் கை ஓடவில்லை. ஹலோக்காரருக்கு ராத்திரி பாதியும் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. செருமினால் போய்விடும். செருமவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் தகவல் வந்தது: நாளைக் காலை அதிகாரி வருகிறார்.

“பாப்பாவ அணைச்சு எங்கயாவது போட்டுடலாம்” என்று மனைவி சைகையும் சொல்லுமாகச் சொன்னாள்.

ஹலோக்காரர் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். “அணைச்சா அதுவே சாட்சி. எத்தன நாளா ஓடுன பொட்டி, அதிகாரி வர்ற நேரத்துக்கு மட்டும் ஏன் அணைஞ்சதுன்னு கேப்பான். அப்புறம், அணைச்சா அணைஞ்சுடும்னு உனக்கு யாரு சொன்னது?”

“அப்ப பக்கத்து வீட்டுல குடுப்போமா?”

“குடுத்தா நம்ம பேசுனதெல்லாம் அவங்ககிட்ட சொல்லிட்டா?”

“உங்களுக்கு முத்திப்போச்சு” என்றாள். ஆனால் அவள் குரலும் தணிந்துதான் இருந்தது.

முடிவில் ஹலோக்காரரின் தொழில் அறிவே வழி சொன்னது. வீட்டிலேயே சத்தம் புகாத இடம் ஃபிரிட்ஜ்தான். கனமான கதவு, ஓரம் முழுக்க ரப்பர். ஒலிபெருக்கிக் கூண்டுக்கே இப்படி ரப்பர் கிடைப்பதில்லை. புதன்கிழமை காலையில் பாப்பாவை உயிரோடு, பேட்டரி நிறைய, தக்காளிக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் நடுவில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். காதை வைத்துக் கேட்டார். மோட்டார் உறுமல் மட்டும்தான்.

அதிகாரி ஒல்லியான மனிதர். செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று ஒட்டி வைத்தார். உட்கார்ந்ததும் கைபேசியை எடுத்து டீப்பாயின் மேல் வைத்தார், முகம் மேலே பார்க்க. ஹலோக்காரரின் பார்வை அதன்மேல் ஒட்டிக்கொண்டது.

மகளிடம் படிப்பு, பழைய முகவரி என்று ஏதேதோ கேட்டுக் குறித்துக்கொண்டார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பிறகு ஹலோக்காரர் பக்கம் திரும்பினார்.

“எல்லாக் கட்சிக்கும் மைக் கட்டுறீங்க. உங்களுக்குன்னு ஒரு அபிப்பிராயம் இருக்குமே?”

“எங்க வீட்ல அது கெடையாதுங்க சார்” என்றார் ஹலோக்காரர், ஏதோ தொற்றுவியாதியைப் பற்றிக் கேட்டது போல. “எனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல. பொண்ணுக்குச் சின்ன வயசுலருந்தே இல்ல.”

அதிகாரியின் பேனா நின்றது. “மூணு பேர் இருக்கீங்க. சாயங்காலத்துல என்னதான் பேசுவீங்க?”

“துணி மடிப்போங்க.”

மூலையில் கிடந்த துணி மலையை அதிகாரி பார்த்தார். ஹலோக்காரரும் பார்த்தார்.

“கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றார் அதிகாரி. “ஜில்லுன்னு இருந்தா நல்லது.”

வேண்டாம் என்று சொல்ல ஹலோக்காரர் வாயைத் திறந்தார். என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். புதன்கிழமை. பதினொன்று. துண்டு, தோள், சிரிப்பு, பாலம் எல்லாம் ஒரே நொடியில் தலைக்குள் விழுந்தன. மனைவி அதற்குள் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவிட்டாள்.

“வணக்கம் தலைவரே” என்றது பாப்பா, குளிர்ப் புகைக்குள்ளிருந்து, தெளிவாக, மரியாதையாக. “நினைவூட்டல். போன தேர்தலில் சொன்ன பாலத்தை இந்தத் தேர்தலிலும் சொல்ல வேண்டும். மக்கள் மறந்தாலும் நீங்கள் மறந்துவிடாதீர்கள்.”

மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள். மூடினால் குற்றம், திறந்து வைத்தாலும் குற்றம். மகள் தன் இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் எழுதிய கைகள். பாப்பா இன்னொரு முறை சொன்னது. நினைவூட்டல் என்றால் அது இரண்டு தடவை சொல்லும்.

அதிகாரியின் முகத்தில் எதையாவது படிக்கலாம் என்று ஹலோக்காரர் பார்த்தார். அது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் டீப்பாயின் மேல் இருந்த கைபேசி சத்தமில்லாமல் ஒளிர்ந்தது. தேன் நிறத்தில் ஒரு புட்டி. மைக் முன்னால் கையை உயர்த்திய நிழல். கொட்டை எழுத்து.

ஹலோக்காரர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அதிகாரி பார்த்தார். வந்ததிலிருந்து அந்த மனிதர் ஒருமுறைகூட இருமவில்லை, தொண்டை கமறக்கூட இல்லை. அவரும் எந்தக் கூடத்தில், யார் முன்னால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தலைவரைப் போலச் செருமினாரோ. அல்லது, இது இந்த வீட்டுக் காற்றிலிருந்தே அவர் கைபேசிக்குத் தொற்றியதோ. கேட்க முடியாது.

அதிகாரியின் கை மெதுவாகப் போய்க் கைபேசியைக் கவிழ்த்தது. கவிழ்த்தும் மனம் ஆறவில்லை போலிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு எழுந்தார், நடந்தார், மனைவி விலகி வழிவிட்டாள். தக்காளிக்குப் பக்கத்தில், பாப்பாவின் மேல் சாய்ந்தாற்போல அதை வைத்தார். கதவைச் சாத்தி, ரப்பர் நன்றாக ஒட்டும் வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நின்றார்.

பிறகு திரும்பி வந்து, நாற்காலியை ஹலோக்காரரின் முழங்காலில் இடிக்கிற அளவுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவை மூடினார். ஏதோ சொல்லப்போகிறவரைப் போல வாயைத் திறந்து, மூடிய ஃபிரிட்ஜை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் உள்ளே விளக்கு அணைந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்; உள்ளேயிருந்து பார்த்தவர் யாரும் இல்லை. மோட்டார் உறுமத் தொடங்கியது.