உள்பக்கக் கைப்பிடி

அக்கா வீட்டுக்காரரான மாமா தன் பழைய காரை யாரையும் தொடவிட மாட்டார். அக்கா உட்காரும் பக்கத்துக் கண்ணாடி பாதியில் சிக்கி இறங்காமல் அடம்பிடித்ததால், வேறு வழியில்லாமல் அக்காவையும் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

“கண்ணாடிய மட்டும் பாரு. வேற எதுலயும் கை வைக்காத,” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகக் கார்க் கதவுகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்குப் பாடம் எடுக்கிறாராம். இரண்டு பேரையும் எதிர்க் கடைக்கு டீ குடிக்க அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

கண்ணாடி சுற்றும் பிடியைக் கழற்றி, ஸ்க்ரூக்களை எடுத்து, கதவின் உள்அட்டையை ஓரத்தில் நெம்பினேன். கிளிப்புகள் தொட்டதுமே கழன்றுகொண்டன. பலமுறை கழற்றி மாட்டிய அட்டை அது.

உள்ளே கையை விட்டவன் திடுக்கிட்டேன். உள்பக்கக் கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பியை யாரோ கழற்றி, ஆடாமல் இருக்க டேப் சுற்றி ஓரமாகக் கட்டியிருந்தார்கள். டேப் புதிது. அதனடியில் துருப்பிடித்த கட்டுக்கம்பி. அதற்கும் அடியில், விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்த சணல் கயிறு. எத்தனை பேர் கைமாறிய வண்டியோ, ஆளுக்கு ஆள் இந்த ஒரு கதவை மட்டும் உள்ளிருந்து திறக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். டிரைவர் பக்கக் கதவு ஒழுங்காகத் திறந்தது.

அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. அந்தப் புது டேப் மட்டும்தான் தெரிந்தது. என் அக்காவை வண்டிக்குள் அடைத்துவைத்தா கூட்டிப்போகிறார் இந்த மனுஷன்? அவள் கொஞ்ச நாளாக இளைத்துப்போயிருந்தது வேறு நினைவுக்கு வந்தது.

கட்டுகளை அறுத்தேன். கம்பியைப் பூட்டில் மாட்டினேன். கண்ணாடி இறங்கும் தடத்துக்கு கிரீஸ் வைத்து அட்டையை மூடினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவர்கள் கிளம்பிப் பத்து நிமிஷத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

“டேய், கதவுல ஏதாவது பண்ணுனியா? உள்கைப்பிடி வேலை செய்யுதே.”

“நான்தான் மாட்டினேன். இனிமே நீயே திறந்துக்கலாம்க்கா. அந்த ஆளு...”

“ஐயோ, நான்தான்டா அவர்கிட்ட சொல்லிக் கட்ட வச்சேன்! இந்த சீட்ல உக்காந்தா, பாலத்துல ஏறினதும் என் கை தானா கைப்பிடிக்குப் போகுது. நான் கொண்டுபோறதில்ல. உன்கிட்ட சொன்னா கேலி பண்ணுவியேன்னுதான் சொல்லல.”

பண்ணியிருப்பேன்தான். சீட் பெல்ட்கூட இல்லாத வண்டி அது.

“இப்ப எங்க இருக்கீங்க?”

“பாலத்துல.”

“மாமாவ நிறுத்தச் சொல்லு!”

“நிறுத்தத்தான் பாக்குறார். பின்னாடி லாரி ஒட்டிக்கிட்டே வருது.”

போனில் காற்று திடீரென்று பலமாக இரைந்தது.

“அக்கா, கைய எடு! கைப்பிடியிலேருந்து கைய எடு!”

“எடுக்கத்தான்டா பாக்குறேன்,” என்றாள் அக்கா.