ராசம்மாவின் தட்டு

இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில் மண்சரிவில் புதையுண்ட ராசம்மா, அடுத்த தை மாதம், தான் மிச்சம் வைத்துப்போன பாதி ரொட்டியைத் தின்று முடித்தாள்.

அவள் புருஷன் சோலைமலைக்குத் தேயிலை ஸ்டோரில் பெட்டிகளில் தோட்டத்துப் பெயரை எழுதும் வேலை. சரிவு நடந்த அன்று பகலில் அவள் தின்றுகொண்டிருக்கும்போதே கங்காணி கூப்பிட்டுவிட்டார். "வந்து திங்கிறேன், தட்டை எடுத்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போனாள். மலை இறங்கியது. உடம்பு கிடைக்கவில்லை. ரொட்டியில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியபோது அதை வெளியே வீசச் சோலைமலைக்கு மனம் வரவில்லை, வைத்திருக்கவும் முடியாது. ஆகவே ஒரு பெட்டிப் பலகைக்குச் சுண்ணாம்பு பூசி, கறுப்பு மையாலும் செங்கல் பொடியாலும் மஞ்சளாலும் அந்தத் தகரத் தட்டை அப்படியே வரைந்தான். வரைவதற்காக உற்றுப் பார்த்தபோது, ரொட்டியின் கருகல்கள் மலைமேல் விழுந்த மேக நிழல் போலிருந்தன. ஓரத்தில் அவள் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் இருந்தது. மிளகாய்ச் சம்பல் பட்ட இடம் சிவந்திருந்தது. இத்தனை வருஷம் அவள் கையால் தின்றும் இதையெல்லாம் பார்த்ததில்லையே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

சில வாரங்களில் பலகையிலிருந்த ரொட்டி குறையத் தொடங்கியது. சாயம் உதிர்கிறது என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு பல் பதிந்த தடம் தெரிந்தது. ராசம்மாவின் முன்பல் இடைவெளியும் அதில் இருந்தது. பூசாரி வீரய்யா திருநீற்றோடு வந்தார், பார்த்தார், திருநீற்றைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டு போய்விட்டார். எல்லாரும் மலைக்குப் போன பிறகு, மூடுபனி கூரைவரை இறங்கும் மத்தியான வேளையில்தான் அது நடந்தது. பூட்டிய வீட்டுக்குள் யாரோ மெல்லும் சத்தத்தை, காய்ச்சலில் படுத்திருந்தவர்கள் கேட்டார்கள்.

தையில் ரொட்டி தீர்ந்தது. மறுநாளிலிருந்து வேறு சத்தம் வந்தது. காலிப் பாத்திரத்தை நகத்தால் சுரண்டுவது போன்ற சத்தம். தொழிலாளர் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியிருந்த லயம் முழுக்கக் கேட்டது. பிள்ளைக்காரிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சோலைமலை லட்டு வரைந்தான், சர்க்கரைப் பொங்கல் வரைந்தான், துரை பங்களாவில் பார்த்த ஆப்பிளையும் வரைந்தான். எதிலும் பல் படவில்லை. சுரண்டல் கூடியது.

பக்கத்து வீட்டு வேலாயியிடம் போய், "ராசம்மாவுக்கு என்ன தங்கச்சி புடிக்கும்?" என்று கேட்டான்.

வேலாயி அடுப்பு ஊதுவதை நிறுத்தினாள். "யாருண்ணே கண்டது? நீங்க தின்ன பொறகு சட்டியில ஒட்டியிருக்கறதைச் சொரண்டித் திம்பாங்க. அதுதான் நான் பாத்தது."

அது என்ன சத்தம் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

அன்று மரவள்ளிக்கிழங்கு அவித்து, நல்ல துண்டாக எடுத்து அவள் தட்டில் முதலில் வைத்தான். வெடித்த இடத்தின் வெண்மை, நடுவில் ஓடிய நார், மேலே எழும்பிய ஆவி, பக்கத்தில் ஒரு பச்சை மிளகாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தான். முடிப்பதற்குள் அவன் பங்கு ஆறிவிட்டது. ஆறியதையே தின்றான். மறுநாள் மத்தியானம் லயத்தில் சத்தமே இல்லை. பலகையில் கிழங்கு பாதிதான் இருந்தது.

அதன்பின் வருஷங்கள் அப்படியே போயின. வற்றாளைக் கிழங்கு, கருவாட்டுத் தலை, கருப்பட்டித் துண்டோடு பாலில்லாத சாயத்தண்ணி. அறுபத்து நான்கில் இலங்கை இந்திய ஒப்பந்தம் வந்து யார் இந்தியாவுக்குப் போவது, யார் இருப்பது என்று லயமெல்லாம் பேச்சானபோது, சோலைமலையிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. பெண்கள் விடிகாலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகிற வழியில் தங்கள் சட்டியிலிருந்தும் ஒரு அகப்பை கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருமுறை வேலாயி கொடுத்த பூசணிக்கறி, வரைந்து வைத்தும் மூன்று நாள் தொடப்படாமல் கிடந்தது.

"உப்பு ஏறிப்போச்சாண்ணே?" என்று வாசலில் நின்று வேலாயி கேட்டாள்.

"அப்புடித்தான் போல."

மறுநாள் அவள் உப்பைக் குறைத்துப் போட்டுக் கொண்டுவந்தாள்.