கிராபிக்ஸ் கார்டும் பகல் தூக்கமும்

"என்ன கேம் ஆடுவீங்க மேடம்?" என்று கேட்டார் கடைக்காரர். இதே கேள்விக்கு ஏற்கெனவே இரண்டு கடைகளில் பதில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"கேம் எல்லாம் ஆட மாட்டேன். எனக்குச் சத்தம் போடாத கார்டு வேணும்."

சத்தம் போடாத மாமியார் வேண்டும் என்று கேட்டிருந்தால்கூட அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். "எல்லாக் கார்டும் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும். கேம்ல படம் நொடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடணும், அதைச் சொல்லுங்க." ஃபிரேமாம். எனக்கு வேண்டியது என் வீட்டுக்காரருக்குப் பகலில் ஒரு நல்ல தூக்கம். அதற்கு எத்தனை ஃபிரேம் என்று எந்தக் கடையிலும் எழுதி ஒட்டவில்லை.

விஷயம் இதுதான். அவர் இரவு பஸ் ஓட்டுகிறார். சாயங்காலம் கிளம்பினால் விடிந்துதான் வண்டி டிப்போவுக்குத் திரும்பும். பகலில் அவர் தூங்கினால்தான் ராத்திரி பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். நானோ பகலில் வீட்டிலேயே வேலை பார்க்கிறவள். அவருக்கு இரவு ரூட் போட்டபோது, பகலிலாவது அவரோடு இருக்கலாம் என்று, ஆபீஸில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஒரே நாளில் வீசிவிட்டு வந்தேன். கொஞ்ச காலம் வீட்டில் சும்மா கிடந்து சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த பிறகு இந்த வேலை கிடைத்தது.

சமையலறை அமைத்துத் தருகிற ஒரு கம்பெனிக்குப் படம் போட்டுக் கொடுக்கிறேன். அலமாரி எங்கே, சிங்க் எங்கே, விளக்கைப் போட்டால் மேடைக் கல் எப்படி மின்னும் என்று, இன்னும் கட்டாத சமையலறையைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும். அளவையெல்லாம் கொடுத்துவிட்டு பட்டனைத் தட்டினால் படம் தயாராகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதை நான் 'படம் வேகுது' என்பேன். வேகவைப்பது உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் கார்டு. அது சூடாகும்போது அதன் ஃபேன் கத்துகிற கத்தலுக்கு, மிக்ஸியில் கரண்டி மாட்டிக்கொண்டால்கூடப் பரவாயில்லை. ராத்திரி வேகவைத்துக்கொள்ளலாமே என்றால், ஷோரூமில் கஸ்டமர் உட்கார்ந்துகொண்டு நிறத்தை மாற்று, கதவை மாற்று என்று சொல்வதெல்லாம் பகலில்தான். உடனே வேண்டும்.

எங்கள் வீடு ஒரு அறை, ஒரு சமையலறை. ஊருக்கெல்லாம் சமையலறை வரைகிற நான் என் சமையலறையில் திரும்ப வேண்டுமானால் ஃபிரிட்ஜிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆகவே கம்ப்யூட்டர் பெட்டி அறையில்தான், கட்டிலுக்கு எதிர் மூலையில் மேஜைக்கு அடியில். அவர் தூங்க வேண்டியதும் அங்கேதான்.

போன மாதம் பஸ்ஸை ஒரு சுவரில் உரசி, பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்தார். "கண்ணு கொஞ்சம் அசந்துடுச்சு" என்றார், அவ்வளவுதான். டிப்போவில் எச்சரித்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான், எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, கார்டும் பேயாய்க் கத்த ஆரம்பித்தது. படம் வேகவும் முன்னைவிட நேரம் ஆனது. கார்டுக்கு வயதாகிவிட்டது, புதுசு வாங்கிப் போட்டால்தான் விமோசனம் என்று முடிவுக்கு வந்தேன்.

முடிவுக்கு வந்து என்ன பிரயோஜனம்? அவர் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

"இப்ப எதுக்கு? இருக்கறதே நல்லாத்தானே ஓடுது."

"நல்லா ஓடுதா? காதுல என்ன வச்சு அடைச்சிருக்கீங்க?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல. நான் நல்லாத்தான் தூங்கறேன்."

பச்சைப் பொய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, தலையணையை இரண்டாக மடித்துக் காதை மூடிக்கொண்டு தூங்குகிறாராம். கண் இரண்டும் கோவைப் பழமாகச் சிவந்திருக்கும். ஏன் என்று கேட்டால் கிணற்றில் போட்ட கல். மற்ற பெண்கள் தங்களுக்கு ஒரு சாமான் வேண்டுமென்று புருஷனிடம் மல்லுக்கு நிற்பார்கள். நான் அவருக்காக ஒரு சாமான் வாங்க அவரிடமே மல்லுக்கு நின்றேன். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

இது போதாதென்று, வரவர அவர் வீட்டுக்கு வருகிற நேரமும் தள்ளிக்கொண்டே போனது. காலை டிபனுக்கு வந்துகொண்டிருந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். கேட்டால், "வண்டியில சர்வீஸ் வேலை." தினமும் சர்வீஸ் பண்ண அது என்ன பஸ்ஸா, ராக்கெட்டா? வந்ததும் சாப்பிடுவார், பேருக்குப் படுப்பார், சாயங்காலமானால் கிளம்பிவிடுவார். இருக்கிற தூக்கத்தையும் இப்படித் தொலைத்துவிட்டு ராத்திரி எப்படி ஓட்டுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இனி இவரைக் கேட்டுப் புண்ணியமில்லை என்று என் தம்பிக்குப் போன் போட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டர் பைத்தியம். என் வீட்டுக்காரர் அவனை 'விஞ்ஞானி' என்றுதான் கூப்பிடுவார்.

"கார்டு மட்டும் மாத்தினா போதாதுக்கா. அது இழுக்கற கரண்டை உன் பவர் சப்ளை தாங்காது."

"சரி, அதையும் மாத்து."

"மாத்தலாம். ஆனா புது கார்டெல்லாம் நீளம் ஜாஸ்தி. உன் பெட்டிக்குள்ள போகுமான்னு தெரியல."

"பெட்டியையும் மாத்து."

"பெட்டியை மாத்தறதுன்னா, அப்படியே மதர்போர்டையும்..."

"ஏன்டா, வீட்டையே மாத்திடுவோமா?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்து அளந்து பார்த்துவிட்டு எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஸ்கேலும் ஸ்க்ரூடிரைவருமாக வந்தான். அவர் இன்னும் டிப்போவிலிருந்து வரவில்லை. தம்பி மேஜைக்கு அடியில் புகுந்து பெட்டியை வெளியே இழுக்கப் பார்த்தான். அது எதிலோ சிக்கிக்கொண்டு வர மறுத்தது.

"அக்கா, பின்னாடி என்னத்தை அடைச்சு வச்சிருக்க?"

"நான் என்னத்தை அடைச்சேன்?"

கையை விட்டு இழுத்தான். தலையணை அகலத்துக்கு ஒரு ஸ்பாஞ்சு வந்தது. பக்கவாட்டிலிருந்து இன்னொன்று வந்தது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இடுக்கு விடாமல் திணித்திருந்தது. பெட்டியை நகர்த்தாமலே பெருக்குகிறவள் நான், என் கண்ணில் படவில்லை.

"காத்து உள்ள போற வழி, வெளிய வர்ற வழி, ரெண்டையும் அடைச்சாச்சு. அப்புறம் இது கத்தாம என்ன பண்ணும்? இத்தனை நாள் உயிரோட இருந்ததே பெரிசு."

தூசியைத் தட்டி, பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, ஒரு படத்தை வேகவிட்டான். ஃபேன் ஓடுகிறதா என்று குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "புது கார்டெல்லாம் வேணாம்க்கா" என்று, பண்டிகை இல்லை என்று கேள்விப்பட்ட குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனான்.

நான் ஸ்பாஞ்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் துணி ஒட்டியிருந்தது. நீலத்தில் மஞ்சள் புள்ளி. அவருடைய பஸ்ஸில் சீட்டெல்லாம் அந்தத் துணிதான்.

மத்தியானம் வந்தார். வாசலிலேயே ஸ்பாஞ்சை நீட்டினேன்.

"இது என்ன?"

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "ஸ்பாஞ்சு."

"அது எனக்கும் தெரியும். இங்க எப்படி வந்துச்சு?"

"கண்ணாடி உடைஞ்ச மறுநாள் நான்தான் வச்சேன். நீ கடைக்குப் போயிருந்த." பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பஸ்ல இன்ஜின் மூடிக்கு இப்படித்தான் மெத்தை வைப்பாங்க, சத்தம் அடங்கிடும். இங்கயும் வச்ச அன்னைக்கு அடங்கத்தான் செஞ்சுது. அப்புறம் ஏன் கூடிக்கிட்டே போச்சுன்னு எனக்கு வெளங்கல."

"பஸ் சீட்டையா கிழிச்சுக்கிட்டு வந்தீங்க?"

"கிழிக்கல. கடைசி சீட்டு, ஏற்கெனவே கிழிஞ்சு தொங்கிட்டிருந்துச்சு. இப்ப படுக்கறப்ப அந்த இடந்தான் முதுகுல குத்துது."

"எப்ப படுக்கறப்ப?"

அவர் மறுபடி பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப சர்வீஸ் வேலை?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வண்டியை டிப்போல விட்டுட்டு, பின்னாடி கொஞ்சம் படுத்துட்டு வரேன்."

"அங்க தூக்கம் வருதா?"

"பக்கத்துல வண்டி கழுவுவாங்க. தண்ணிச் சத்தந்தான். இதுக்கு அது தேவலாம்."

எனக்கு வந்ததே கோபம். சொந்த வீட்டில் கட்டிலும் மெத்தையும் இருக்க, பஸ்ஸில் கிழிந்த சீட்டில் கிடந்துவிட்டு வருகிறார். நான் கடை கடையாக ஏறி இறங்கி, என்ன கேம் ஆடுவீங்க என்று கேட்கிறவனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? அத்தனை பேரைப் பின்னாடி வச்சுக்கிட்டு நீங்க கண் அசரணும், நான் இங்க சமையலறை வரைஞ்சுக்கிட்டு இருக்கணுமா? இந்த வேலையே எனக்கு வேணாம். இப்பவே போன் பண்ணி நின்னுக்கறேன்னு சொல்லிடறேன்."

போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

"இதுக்குத்தான் சொல்லல" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கதவு திறந்திருக்கிறது, மூடு என்று சொல்கிற மாதிரி சொன்னார். "நைட் ரூட் போட்டப்பவும் இப்படித்தான் ஒரே நாள்ல ஆபீஸை விட்ட. அதுக்கப்புறம் நீ இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்."

நம்பரைத் தேடிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினேன்.

கையிலேயே போன் அடித்தது. ஷோரூம் மேனேஜர். "மேடம், கஸ்டமர் உக்காந்திருக்காங்க. மேல் அலமாரி எல்லாம் வெள்ளையில வேணுமாம். உடனே ஒரு படம் அனுப்புங்க."

அவர் அதற்குள் கட்டிலில் உட்கார்ந்து தலையணையை எடுத்து இரண்டாக மடித்துக்கொண்டிருந்தார். ஃபேன் அடங்கிவிட்டது, ஆனால் பகலெல்லாம் என் போனும் கீபோர்டும் அடங்காதே.

"இப்ப முடியாது சார். சாயங்காலம் அனுப்பறேன்" என்றேன். "என் வீட்டுக்காரர் நைட் பஸ் ஓட்டறார். காலையில வந்து படுத்தா சாயங்காலம் வரைக்கும் தூங்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே ரூம். இனிமே எனக்குச் சாயங்காலத்துக்கு மேலதான் வேலை."

மேனேஜர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் திருப்பிக் கத்த நாலு வார்த்தை தயாராகவே இருந்தது.

"ஓ, அப்படியா? சரிங்க மேடம், நான் சாயங்காலம்னு சொல்லிக்கறேன்" என்றார். "இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

போனை வைத்தேன். அவர் மடித்த தலையணையைப் பிரித்துப் போட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மேனேஜர் பேசியது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். முதுகு லேசாகக் குலுங்கியது.

"சிரிக்காம தூங்குங்க" என்றேன்.