கரண்டி வாய்க்குப் போன வாக்கியம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல, எங்கள் வீட்டு அடுப்பில் பிறந்தது. மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், வெளியே அனுப்பத் தைரியமில்லை. இதில் வரும் இரண்டு பெண்மணிகளும் நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிப்பவர்கள். ஒருத்தி என் அம்மா. இன்னொருவர் என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

(அம்மாவுக்கு 'சொன்னாள்', அத்தைக்கு 'சொன்னார்' என்றுதான் எழுத வருகிறது. அம்மா இதைக் கவனித்தால் அது தனிப் பஞ்சாயத்து.)

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'விரதம் என்பது வயிற்றைக் காயப்போடுவது மட்டுமன்று, மனத்தையும்' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

'கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வெளியே மழை' (மழை பெய்யவில்லை. நல்ல வெயில். மழை இல்லாமல் கதை தொடங்கப் பயப்படும் கூட்டத்தில் நானும் ஒருத்தி.)

'என் கணவர் லிஃப்ட் மெக்கானிக்.' (இது இருக்கட்டும்.)

2

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்டைச் சரிசெய்தாலும், முதலில் அவரே தனியாக ஏறி மேல்மாடி வரை போய் இறங்கி வருவார். பிறகுதான் மற்றவர்கள். "ஆள் ஏறுறதுக்கு முன்னாடி நான் ஏறிப் பார்க்கணும்" என்பது அவருடைய வேதம். வீட்டிலும் அப்படித்தான். புது நாற்காலி வந்தால் முதலில் அவர் உட்கார்ந்து ஆட்டிப் பார்ப்பார். குழம்பு கொதித்தால் முதல் சொட்டு அவர் உள்ளங்கையில் விழும்.

இதை இங்கே சும்மா சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

3

அம்மாவும் அத்தையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரே திதியில் விரதம் இருப்பவர்கள். அன்றைக்குத் தானியம் தொடமாட்டார்கள். சாயங்காலம் சாமிக்குக் காட்டிவிட்டு ஏதாவது பலகாரம் மட்டும். எது ஆகும், எது ஆகாது என்பதில்தான் வில்லங்கம்.

நான்கு வருடத்துக்கு முன்னால், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், அத்தை ஒரு விரத நாளில் அம்மா வீட்டுக்குப் போனார். அம்மா ஆசையாக வேர்க்கடலை வறுத்து, வெல்லப் பாகில் உருட்டி வைத்திருந்தாள்.

"எங்க வீட்ல விரதத்துக்குக் கடலை சேர்க்க மாட்டோம், சம்பந்தி."

"அப்படியா? அப்ப நாங்க இத்தனை வருஷமா இருந்ததெல்லாம் விரதமே இல்லையா?"

அத்தை தட்டைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. "உங்க அத்தை நல்லா இருக்காங்களா" என்று அம்மா என்னிடம் கேட்பாள். "அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு" என்று அத்தை என்னிடம் கேட்பார். நடுவில் நான் தபால்காரி.

4

என் முதல் புத்தகம் அச்சாகி வந்தது. முதல் இரண்டு பிரதிகளையும் இரண்டு பேர் கையிலும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. வேறு எந்த விழாவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். மறுப்பார்கள் என்று பயந்தேன், இருவரும் வருகிறேன் என்றார்கள். தேதி பார்த்தேனே தவிர திதி பார்க்கவில்லை. அது விரத நாள்.

நான் பலகாரம் செய்தால் அம்மா வீட்டுப் பக்குவம் என்பார்கள். அத்தை செய்தால் அம்மா தொடமாட்டாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல, ஒருவருக்கு மகனும் மற்றவருக்கு மருமகனுமான என் கணவரே மாட்டினார்.

அவர் இரண்டு பட்டியல்களை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அம்மாவுக்குக் கடலை ஆகும், உருளைக்கிழங்கும் ஜவ்வரிசியும் ஆகாது, உப்பு அறவே ஆகாது. அத்தைக்கு உருளை, ஜவ்வரிசி, இந்துப்பு எல்லாம் ஆகும், கடலையும் எள்ளும் ஆகாது. இரண்டு பட்டியலிலும் ஒரே ஒரு விதி மட்டும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போனது: சாமிக்குக் காட்டும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது.

பேனாவால் அடித்துக்கொண்டே வந்து நிமிர்ந்தார். "சக்கரவள்ளிக்கிழங்கு, தேங்காய், வெல்லம், நெய், ஏலக்காய். அஞ்சு சாமான் தேறுது. போதும்."

5

முதல் கிலோ பாழ். கிழங்கைத் தண்ணீரில் வேகவைத்து மசித்துத் தட்டையாகத் தட்டித் தோசைக்கல்லில் போட்டார். அது கல் முழுக்கப் பரவிக்கொண்டது. மாவு சேர்த்தால் பிடிக்கும், ஆனால் மாவு தானியம்.

"ஈரம்தான் பிரச்சினை," என்றார், லிஃப்டின் மோட்டார் அறையில் நிற்பவரைப் போல.

இரண்டாவது கிலோவை ஆவியில் வேகவைத்தார். சூட்டோடு தோலுரித்து மசித்தார். வெல்லத்தைப் பாகாக்காமல் துருவினார். தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்தார். எல்லாவற்றையும் வாணலியில் நெய்விட்டுக் கிளறக் கிளற, கலவை ஓரம் விட்டு உருண்டு வந்தது. வாசனை வாசல் வரை போனது. அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. அந்தப் பெருமையில் கரண்டியைத் தூக்கி, ஊதி,

(இந்த வாக்கியத்தை முடிக்கத்தான் எனக்கு மூன்று வாரமாயிற்று.)

ஊதி, நக்கிப் பார்த்துவிட்டு, அதே கரண்டியால் மறுபடியும் கிளறினார்.

"ஏங்க."

"என்ன?"

"இப்ப என்ன பண்ணீங்க?"

கரண்டியைப் பார்த்தார். வாணலியைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"ஏறிப் பார்த்துட்டேன்," என்றார்.

வேறு கிழங்கு இல்லை. அவர்கள் வர அரைமணி நேரம்கூட இல்லை.

"சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

"சொன்னா ரெண்டு பேரும் கிளம்பிடுவாங்க. அதுவும் தனித்தனி லிஃப்ட்ல."

6

(இந்த இடத்தில் 'முகர்ந்து பார்த்தார்' என்று மாற்றிவிடலாம். கதைதானே. யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு முறை மாற்றினேன், இரண்டு முறையும் அந்த ஆள் என் கணவராகவே இல்லை. அவர் முகர்ந்து பார்த்துவிட்டு லிஃப்டை அனுப்புகிறவர் இல்லை.)

கலவையை வில்லைகளாகத் தட்டி நெய்யில் சிவக்கவிட்டு, சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு அவர் கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். என்ன பேரம் பேசினாரோ தெரியாது. பிறகு அழைப்புமணி. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

இரண்டு பேரும் சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். நான் தட்டை நடுவில் வைத்தேன். அம்மா அதைக் கையில் எடுத்து, தான் எடுத்துக்கொள்ளாமல் அத்தையிடம் நீட்டினாள்.

"எடுத்துக்குங்க சம்பந்தி. இதுல கடலை இல்ல."

அத்தை தன் மகனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு வில்லையை எடுத்துக் கடித்தார்.

"ஆவியிலயா வேகவச்ச?"

"தண்ணியில போட்டா இப்படி வராதே," என்றாள் அம்மா, அவளும் ஒன்றைக் கடித்தபடி.

"அதான் சம்பந்தி நானும் சொல்றேன். ஏலக்காய்தான் கொஞ்சம் தூக்கல்."

"ஆம்பளை கை. பாதி ஏலக்காய்னா ஒரு பிடின்னு நினைப்பு."

இருவரும் சிரித்தார்கள். அம்மா இரண்டு வில்லை, அத்தை மூன்று. என் புத்தகத்தின் இரண்டு பிரதிகளிலும் அட்டையில் நெய்விரல் பதிந்தது. நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். அவ்வளவு சந்தோஷம். இப்போதெல்லாம் அவர்களே ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். தபால்காரிக்கு வேலை போய்விட்டது.

7

முடிவுகள்.

ஒன்று: கதை அச்சாகிறது. இருவரும் படிக்கிறார்கள். இன்னொரு நான்கு வருடம்.

இரண்டு: கதையை அனுப்பாமல் அலமாரியில் வைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு விரத நாளும் அவர்கள் சிரித்துப் பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் குறுகுறுக்கிறது.

மூன்று:

மூன்றாவது முடிவை நான் எழுதவில்லை. நேற்று அச்செடுத்த தாள்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், தன்னிடமிருக்கும் சாவியால் திறந்துகொண்டு வந்த அத்தை மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார், கையில் பென்சில். ஐந்தாம் பகுதியில், அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில், ஒரே சொல் எழுதியிருந்தார்: 'தெரியும்.'

"கதவைத் திறக்கும்போதே அவன் மீசையில வெல்லம் ஒட்டியிருந்துச்சு," என்றார் அத்தை.

"அப்புறம் எப்படி அத்தை சாப்பிட்டீங்க?"

"உங்க அம்மா தட்டை நீட்டிட்டாங்களே. ஒரு தடவை எழுந்து வந்துட்டு நாலு வருஷம் நான் பட்டது போதாதா? சாமிகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல."

தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அத்தை, அது எங்க போகுது?"

"உங்க அம்மா வீட்டுக்கு. நீ குடுத்தா நடுங்கிக்கிட்டே குடுப்ப."

ஜன்னலில் நின்று பார்த்தேன். வெயிலில் குடை பிடித்து வேகமாக நடந்தார். என் கணவரிடம் போனில் சொன்னதும், "சரிதான், இந்தத் தடவை அவங்க முதல்ல ஏறிப் பார்க்கறாங்க," என்றார்.

இன்று காலை அம்மா கூப்பிட்டாள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வர்ற விரதத்துக்கும் மாப்பிள்ளையையே செய்யச் சொல்லு. ஏலக்காய் கம்மியா," என்றாள். போனை வைக்கப் போனவள் நிறுத்தினாள். "அவரையே பார்த்துப் போடச் சொல்லு," என்று வைத்துவிட்டாள்.

படித்துவிட்டுச் சொன்னாளா, படிக்காமல் சொன்னாளா? 'பார்த்து' என்றால் கவனமாகவா, நாக்காலா? எனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை. மூன்றாவது முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் கடைக்குப் போக வேண்டும், இந்தத் தடவை மூன்று கிலோ கிழங்கு.