ஜெஸ்லினின் சைக்கிளுக்கு ஒரு ஃபோர்க்

என் மனைவி ஜெஸ்லினின் சைக்கிளை அம்மா சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு நேர்ந்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. ஆராதனை முடிவில் சபைச் செயலாளர் ஞானதாஸ் அறிவிப்பு வாசித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, கோழி, பிறகு அம்மாவின் பெயரைச் சொல்லி, செல்லபாய் வீட்டிலிருந்து ஒரு கியர் சைக்கிள்.

"கர்த்தருக்குன்னு சபையில சொல்லியாச்சு மோனே," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "இனி மாத்தப்பிடாது."

"அது உங்க சைக்கிள் இல்லியே."

"அதச் சவுட்டி மிதிச்சுத்தான் அவளுக்கு ஒடம்பு போச்சு. பின்னே எதுக்கு அது இங்க நிக்கணும்?"

ஜெஸ்லின் எலிக்காய்ச்சலில் இறந்தாள். போன மழையில், பேரூர்க்கடையில் ஓடை பொங்கி ரோட்டில் ஓடிய வாரம், காலில் ஆறாத புண்ணோடு அந்தத் தண்ணீரில் பஸ்ஸுக்கு நடந்தாள். சைக்கிள் அந்த வாரம் பிரேக் பழுதாகி வீட்டில் நின்றது. அதில் போயிருந்தால் தண்ணீரில் கால் வைத்திருக்க மாட்டாள். இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த சைக்கிளில் ஜெஸ்லின் ஒருமுறை பொன்முடி மலைக்குக் கிளம்பினாள். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். கல்லாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இறங்கி, முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருந்த, ஸ்பிரிங் வைத்த ஷாக் ஃபோர்க்கை ஓர் உதை உதைத்தாள்.

"நான் மிதிக்கதுல பாதிய இவன் அமுங்கி அமுங்கித் தின்னுட்டுப் போறான். ஷாக் இல்லாத இரும்பு ஃபோர்க் ஒண்ணு போடணும்."

"குழியில எறங்கினா கையில அடிக்குமே."

"அடிக்கட்டும். நீங்க ஸ்கூட்டர்ல வாறவரு, பேசாதீங்க."

போட முடியவில்லை. அதற்குள் மழை வந்தது.

பண்டிகைக்கு முன்பு சைக்கிளை உருட்டிக்கொண்டு சாலை பஜாருக்குப் போனேன். சைக்கிள் கடை இசக்கிப்பாண்டி தென்காசிக்காரர். கடை முழுக்கப் பழைய உதிரி பாகங்கள் தொங்கும்.

"ஷாக்கக் கழட்டிட்டு வெறும் ஃபோர்க்கா?" என்றார். "ஊர்ல எல்லாவனும் வெறும் ஃபோர்க்கக் கழட்டிட்டு ஷாக் போடச் சொல்லுதான். அண்ணாச்சி, காரக் குடுத்து மாட்டுவண்டி கேக்கிய."

"ஆமா. மாட்டுவண்டிதான் வேணும்."

சாதாரண சைக்கிளின் ஃபோர்க் ஒன்றை எடுத்து மாட்டினார். பளபளவென்று இருந்தது. ஆனால் குட்டை. முன்பக்கம் குனிந்துவிட்டது. கடைக்கு முன்னால் ஒரு வட்டம் அடித்தேன். ஹேண்டில் தொட்டதற்கெல்லாம் திரும்பியது. இறக்கத்தில் இது ஆளைக் கவிழ்க்கும் என்றேன்.

"அதெல்லாம் ஓட்ட ஓட்டப் பழகிரும்."

"வேற காட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே பரணிலிருந்து இரண்டை இறக்கினார். கோவளத்து ஹோட்டல் ஒன்று வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பழசாகிப்போன சைக்கிள்களில் கழற்றியவை. இரண்டும் கறுப்பு, நேரான கால்கள், கனமான இரும்பு. ஒன்று மற்றதைவிடக் கட்டைவிரல் அகலத்துக்கு நீளம்.

"பெருசப் போடுங்க. உங்க ஷாக்கும் இதே நீளம்தான்," என்றார்.

"ஷாக் ஆள் ஏறினா அமுங்கும். இரும்பு அமுங்காது. அமுங்கினபிறகு என்ன நீளமோ அதுதான் வேணும்."

"செரி, எவ்வளவு அமுங்கும்?"

ஷாக்கைத் திரும்பப் பொருத்தச் சொன்னேன். அதன் வழுவழுப்பான குழாயில் ஓர் அழுக்கு வளையம் இருந்தது. ஜெஸ்லினின் எடைக்கு அது அமுங்கிய எல்லை. அதிகம் இல்லை. அவள் கணக்கில் நீளமான ஃபோர்க்தான் சரி.

இசக்கிப்பாண்டி இடுப்பில் கை வைத்து நின்றார். "அண்ணாச்சி, ஓட்டப்போறது யாரு? அதச் சொல்லுங்க மொதல்ல."

சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஷாக் அவள் எல்லையைத் தாண்டி இறங்கியது. நான் இறங்கியபோது குழாய் சுத்தமாக இருந்தது. வளையத்தை ஷாக்கின் ரப்பர் மூடி துடைத்துவிட்டது.

விரலால் தடவினேன், அழுக்கு ஒட்டவில்லை.

"நான்தான்," என்றேன். "குட்டையானதப் போடுங்க."

"ஹேண்டிலுக்குள்ள போற தண்டு நீட்டமா கெடக்கு. அறுக்கணும். அறுத்தா அறுத்ததுதான், திருப்பித் தர முடியாது."

"அறுங்க."

சீட்டையும் என் காலுக்கு ஏற்ப நானே உயர்த்தினேன்.

பண்டிகையன்று சபை முற்றத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. நான் சைக்கிளில் உள்ளே போனதும் ஞானதாஸ் கோழியைக் கீழே விட்டார்.

"செல்லபாய் அக்காவுக்க சைக்கிள் வந்தாச்சு!"

"சைக்கிள் ஏலத்துக்கு இல்ல," என்றேன். பையிலிருந்த ஷாக் ஃபோர்க்கை எடுத்து மரச்சீனிக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதுதான்."

"இதென்னடே, கெணத்துல விழுந்த வாளிய எடுக்க சாதனமா?" என்று யாரோ கேட்க, பெண்கள் பக்கம்வரை சிரிப்பு போனது.

அம்மா எழுந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கர்த்தருக்கு வேண்டாத சாதனத்தயா குடுக்குற?"

"வேண்டாத சாதனம்னு நெனச்சுதானே அம்மா நீங்க சைக்கிள நேர்ந்தீங்க."

அவள் குனிந்து ஃபோர்க்கைத் தொட்டுப் பார்த்தாள். நான் சைக்கிளைத் திருப்பினேன்.

"எங்க போற?"

"பொன்முடிக்கு."

"சாப்பாடு இருக்குல்லா மோனே. விருந்து..."

"வந்து சாப்பிடுதேன்."

பின்னால் ஞானதாஸ் ஏலம் கூறத் தொடங்கினார். விலை கேளுங்க என்றார். யாரும் கேட்கவில்லை. திரும்ப ஒரு சிரிப்பு. நான் வாசலை எட்டியபோது அம்மாவின் குரல் கேட்டது.

"இருவது ரூவா."

"அக்கா, உங்களுக்கு இது என்னத்துக்கு?"

"எனக்கு வேணும். நீரு தரத்தச் சொல்லும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நெடுமங்காடு ரோட்டில் ஏறினேன். முதல் குழியிலேயே இரண்டு மணிக்கட்டிலும் இரும்பு அடித்தது. ஜெஸ்லின் போன இந்த ஒரு வருடத்தில் எனக்கு இவ்வளவு தெளிவாக எதுவும் வலித்ததில்லை. அடிக்கட்டும் என்று அடுத்த குழியையும் விலக்காமல் மிதித்தேன்.