திரும்பி நின்ற மலை

"அம்மா, நம்ம மலை ஏன் இதுல திரும்பி நிக்குது?" என்று எட்டு வயது லவீனா கேட்டாள். விடுதியில் தங்கிப்போன யாரோ விட்டுச்சென்ற நியூயார்க் படப் பத்திரிகை சாப்பாட்டு மேசையில் விரிந்து கிடந்தது.

தெர்சா கோல்பி வெண்ணெயை அச்சில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். "மலையாவது திரும்புறதாவது" என்றபடி எட்டிப் பார்த்தாள். பாதை இரண்டாகப் பிரியும் முனை, பின்னால் மலை. ஆனால் அதன் கூன் இடப்பக்கம் இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த மாட்டுக்குக்கூடத் தெரியும், கூன் வலப்பக்கம்.

அவள் கையிலிருந்த அச்சில் செதுக்கியிருந்த இலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. தட்டில் விழுந்த வெண்ணெயில் அதே இலை வலது பக்கம் சாய்ந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. போன கோடையில் இந்தப் படத்தை வரைய வந்த ஓவியர், மரக்கட்டையில் வரைந்து, செதுக்கித்தான் படத்தை அச்சடிப்பார்கள் என்று சொல்லியிருந்தார். பாவம், கட்டையில் திருப்பி வரைய மறந்துவிட்டார்.

மலை மட்டும் திரும்பவில்லை. வலது பாதையில் இருந்த ஓரின் விக்கினின் 'அருவி வீடு' என்ற விடுதியும் படத்தில் இடது பாதைக்கு வந்திருந்தது. இடது பாதையில் நிஜமாக இருந்தது தெர்சாவின் விடுதி.

மூன்று கோடைகளாக அவளுடைய அறைகள் காலியாகக் கிடந்தன. இந்த வருஷமும் அப்படியானால் மகளை அழைத்துக்கொண்டு நெசவாலை வேலைக்குப் போய்விடுவது என்றிருந்தாள். ஆனால் ஜூனிலிருந்தே வீடு நிரம்பி வழிந்தது. தேவன் ஜெபத்தைக் கேட்டார் என்று தினமும் முழங்காலிட்டு நன்றி சொல்லிவந்தாள். விருந்தினரை இந்தப் பக்கம் அனுப்பியது இந்தப் படம் என்று இப்போதுதான் தெரிந்தது.

அன்று மதியம் விருந்தினரை அழைத்துவர முனைக்குப் போனாள். குதிரை வண்டிக்காரர் அல்ஃபியஸ், தொப்பி வைத்த ஓர் அம்மாளிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"அருவி வீடு வலது பக்கம், அம்மா."

"பத்திரிகையில இடதுன்னுல்ல இருக்கு?"

"இருபது வருஷமா இந்த வண்டிய ஓட்டுறேன்."

"பத்திரிகைக்காரங்க படிச்சவங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

அல்ஃபியஸ் குதிரையைப் பார்த்து, "கேட்டியாடா? நாளையிலேர்ந்து நீயும் பத்திரிகை வாசிச்சுட்டு நட" என்றார்.

தெர்சா அம்மாளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடது பாதையில் நடந்தாள்.

சாயங்காலம் ஓரின் ஒரு கூடை நிறைய அவுரிநெல்லிப் பழங்களோடு வந்தார்.

"சிஸ்டர் கோல்பி, வச்சுக்கோங்க. என் வீட்டுல தின்ன ஆளில்ல."

"ஒருத்தருமா இல்ல, பிரதர் விக்கின்?"

"ஒரு சிலந்தி தங்கியிருக்கு. சாப்பாட்டுக்கு என்னை நம்புறதில்ல." சிரித்தார். "உங்க ஆப்பிள் பை வாசனை பாஸ்டன் வரைக்கும் போயிருச்சு. அதுக்கு முன்னால நான் எங்க நிக்கிறது? மாசக் கடைசியில வீட்டப் பூட்டிட்டு லோவல் நெசவு மில்லுக்கு வேலைக்குப் போறேன். வருத்தமெல்லாம் இல்ல. நீங்க நல்லா இருக்கீங்களே, அது போதும்."

அவர் மனதாரச் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது.

அவள் கணவன் வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு ஓட்டும்போது இறந்த வருஷம், பனிக்காலம் முழுவதும் சனிக்கிழமை தவறாமல் பின்வாசலில் பிளந்த விறகு அடுக்கியிருந்தது. பனியில் ஓரினுடைய சறுக்குவண்டியின் தடம் இருந்தது. கேட்டதற்கு, "கரடி கொண்டாந்து போட்டிருக்கும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வாங்க முடியவில்லை. நன்றி சொல்லக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் விடியும்போது தெர்சா பத்திரிகைத் தாளைத் திருப்பிச் சன்னல் கண்ணாடியில் ஒட்ட வைத்துப் பிடித்தாள். பின்பக்கத்திலிருந்து பார்க்க, மலை சரியாக நின்றது. வேறொரு தாளை மேலே வைத்து மலையையும் வீட்டையும் கோடு கோடாக வரைந்தாள். அடியில் பெரிய எழுத்தில் எழுதினாள்: "பத்திரிகையில் படம் இடம் வலமாக மாறி அச்சாகிவிட்டது. மலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். அருவி வீடு வலது பாதை." மழை தாங்க ஆளிவிதை எண்ணெய் தடவினாள்.

முனையில் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. பாதிப் பேராவது வலது பக்கம் போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மீதிப் பாதியை வைத்துக் கோடையைத் தாண்ட முடியுமா என்று தெரியாது. "ஆண்டவரே, அதை நீர் பார்த்துக்கொள்ளும்" என்றாள்.

வழிக்கம்பத்தில் தாளைப் பொருத்தி, யாருக்கும் சத்தம் கேட்காதபடி ஒரு கல்லில் ஏப்ரனைச் சுற்றிக்கொண்டு, நான்கு ஆணிகளையும் அடித்தாள்.